பின்னால் பார்க்கும் கண்ணாடி

ஏட்டு ஜீப்பில் ஏறியதும் உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி மீசையைச் சீவ ஆரம்பித்தார். தினமும் இதே கதைதான். அவர் சீவி முடித்து, மூக்கு முடி ஒன்றைப் பிடுங்கி, திருப்தியோடு பின்னால் போய் உட்கார்ந்த பிறகு நான் கண்ணாடியை என் பக்கம் திருப்பிப் பின்னால் சாலை முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்து வைப்பேன். பதினாறு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் ஸ்டேஷனில் என்னை யாரும் போலீஸ்காரனாக நினைப்பதில்லை. டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. வண்டியில் ஏறினால் இருக்கை, பெல்ட், கண்ணாடி, அதற்குப் பிறகுதான் சாவி. இதையெல்லாம் என் கை யோசித்துச் செய்வதில்லை. என் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கோணலாக இருந்தால்கூட கை அதுவாகவே போய் நேராக்கிவிட்டு வரும்.

இன்ஸ்பெக்டர் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். ஏட்டு பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார்.

"ஐயா, மச்சினனுக்குக் கல்யாணம். ரெண்டு நாள் லீவு வேணும்."

"எடுத்துக்கய்யா. கேட்டாத்தானே தெரியும். வாயே தெறக்காம மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரிஞ்சா எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

ஏட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் சாயங்காலம் அம்மா போன் செய்திருந்தாள். அம்மாவுக்கு ஒரு கண் போய்ப் பல வருடமாகிறது. மிச்சமிருந்த ஒரே கண்ணில் நான்கு நாள் முன்பு ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டுக்குள்ளே குத்துகிறது, தலையைத் தூக்க முடியவில்லை என்றாள். தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். பெரிய டாக்டர் நாளைக் காலை பதினோரு மணி வரைதான் இருப்பார், விட்டால் அடுத்த வாரம், அதுவரைக்கும் தாங்காது, எப்படியாவது கொண்டுவந்துவிடுங்கள், ஆனால் தூசியும் காற்றும் படக்கூடாது, தலை குலுங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நீ வந்து ஒரு காரு வெச்சுக் கூட்டிட்டுப் போறியாடா?"

"லீவு கேட்டேம்மா. குடுக்க மாட்டேங்கறாங்க."

நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு என் இருக்கையில் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் டிரைவர் உட்கார்ந்திருப்பான். அவன் கொஞ்சம் வேகமானவன். இன்ஸ்பெக்டருக்கு வேகம் பிடிக்கும். ஒரு நாள் ஓட்டி அவருக்குப் பிடித்துப்போய்விட்டால் என்னைத் தண்ணி லாரிக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதுதான் காரணம். பெற்றவளின் கண்ணைவிட எனக்கு இந்தக் கிழிந்த ரெக்சின் இருக்கை பெரிதாகப் போய்விட்டது. தம்பி சின்னவன் கூடவே இருக்கிறானே, அவன் பார்த்துக்கொள்வான் என்றும் நினைத்துக்கொண்டேன். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். அவனுக்குத்தான் கல்யாணம் ஆகவில்லை, வேலையும் பக்கத்திலேயே, கார் பட்டறையில். நமக்கு வேண்டாத பாரத்தை இறக்கிவைக்க நம் வீட்டில் எப்போதும் ஒருத்தன் தயாராக இருக்கிறான் என்பது எவ்வளவு நிம்மதி.

பத்தேகால் மணிக்கு வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. சாம்பல் நிறக் கார். வெளிக்கண்ணாடி இரண்டு பக்கமும் உடைந்துபோய் இல்லை. பழுது பார்க்க விட்டிருந்த பட்டறையிலிருந்து திருடு போயிருக்கிறது. கடைசியாகப் பெரிய பாலத்தருகே பார்த்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு மாதமாக உருப்படியாக ஒரு கேஸ் மாட்டவில்லை. கூட்டங்களில் பெரிய அதிகாரி அவரைப் பார்க்கும் பார்வையே சரியில்லை என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார்.

பாலத்திலிருந்து இறங்கும்போதே கண்ணில் பட்டுவிட்டது. எங்களுக்கு ஏழெட்டு வண்டி தள்ளி, சாம்பல் நிறம், வெளிக்கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"மிதி," என்றார் இன்ஸ்பெக்டர்.

மிதித்தேன். எங்கள் சைரன் மூன்று வாரமாக ஊமை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. மேலே விளக்கு மட்டும் சுற்றும். பட்டப்பகல் வெயிலில் அது சுற்றுவது எங்களுக்கே தெரியாது. ஹாரனை அழுத்திப் பிடித்தேன். அந்தச் சாலையில் எல்லாரும்தான் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டு தலையை வெளியே நீட்டி "ஏய், நிறுத்து" என்று கத்தினார். ஒரு தண்ணீர் கேன் வண்டிக்காரன் பயந்துபோய் நிறுத்தி எங்கள் வழியை மறித்ததுதான் மிச்சம். சாம்பல் கார் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் முரட்டு வேகம் இல்லை. பள்ளம் வந்தால் முன்கூட்டியே ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் மறுபடி கூட்டியது.

முதல் திருப்பத்தில் சிக்னல் போட்டுத் திரும்பியது. ஏட்டு சிரித்தார்.

"யாருய்யா இவன், திருடிட்டு ஓடும்போதும் சிக்னல் போட்டுட்டு ஓடறான்?"

"புதுசா இருப்பான். கை பழக்கம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டாவது திருப்பத்தில் நான் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரும்புவதற்கு முன்னால் பிரேக் விளக்கு இரண்டு தடவை மினுங்கியது. பிறகு சிக்னல். பிறகு ஒரு எண்ணிக்கை விட்டுத் திருப்பம். அப்படி ஓட்டுகிறவன் இந்த ஊரில் இரண்டே பேர்தான். ஒருத்தன் நான். இன்னொருத்தனுக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான். கற்றுக்கொடுத்தேன் என்பது பெரிய வார்த்தை, மண்டையில் குட்டினேன். சிக்னல் போட மறந்தால் ஒரு குட்டு, பிரேக்கை இரண்டு தடவை தொட்டுக் காட்ட மறந்தால் இரண்டு. பின்னால் வருகிறவனுக்கு நீ என்ன செய்யப்போகிறாய் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டுக் கேட்டுக் குட்டுவேன். சின்னவன் தலையைத் தடவிக்கொண்டே சிரிப்பான். அந்தக் குட்டெல்லாம் இப்போது எனக்கு முன்னால் சிவப்பாக மினுங்கிக்கொண்டு போனது.

அடுத்த வளைவில் காரின் பின்பக்கக் கண்ணாடி எங்களுக்கு நேராக வந்தது. பின் இருக்கையில் சரிந்தாற்போல் ஒரு தலை. தலையைச் சுற்றி வெள்ளைத் துணி.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதற்கு 'ட்ரையல்' என்று பேர். இன்ஜின் வேலை முடிந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு சுற்றில்தான் அவர்கள் பெண்டாட்டியைக் கடைக்குக் கூட்டிப்போவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும். முதலாளிகளுக்கும் இது தெரியும். சம்பளத்தில் கை வைக்காமல் சந்தோஷப்படுத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பதால் தெரியாத மாதிரி இருப்பார்கள். இன்றைக்கு வண்டிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நின்றிருப்பார். என் வண்டி எங்கே என்று குதித்திருப்பார். முதலாளி தலையைக் காப்பாற்றிக்கொள்ள, அய்யோ, யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டான் போலிருக்கிறதே என்று கையை விரித்திருப்பார். அவ்வளவுதான். சின்னவன் திருடன் ஆகிவிட்டான்.

சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு லாரி குறுக்கே வந்து கார் கண்ணிலிருந்து மறைந்தது.

"எந்தப் பக்கம் போயிருப்பான்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கேட்டது என்னைத்தான். "டிரைவர், நீ என்ன நினைக்கறே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். ஐந்து நிமிடம் போதும், அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள், சின்னவன் வண்டியைப் பட்டறைக்குத் திருப்பியிருப்பான். என் தம்பிதான் சார், உள்ளே எங்கம்மா இருக்காங்க என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் என்னைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார். கேட்டாத்தானே தெரியும் என்று காலையில்தான் சொன்னார். ஆனால் அதைச் சொன்னால், உன் அம்மாவுக்கு இப்படி இருக்கும்போது நீ ஏன் வேலைக்கு வந்தாய் என்று கேட்பார். லீவு கேட்டாயா என்று கேட்பார். ஏட்டு பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஆஸ்பத்திரி ரோடுதான் சார் போயிருப்பான். கிடங்குக்குப் பின்னால ஒரு குறுக்குச் சந்து இருக்கு. முந்திடலாம்."

என் வாய்தான் சொன்னது. வேறு ரோந்து வண்டி மறித்தால் இடித்து நிறுத்துவார்கள், நானே மறித்தால் அம்மாவுக்குக் குலுங்காது என்று அந்தச் சந்தில் ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக இன்ஸ்பெக்டர் என்னிடம் யோசனை கேட்டார். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லி நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டேன். அதுவும் இருந்தது. நான் செய்யாததை அவன் செய்துவிட்டான் என்கிற எரிச்சலும் இருந்தது.

சந்து முடிகிற இடத்தில் ஜீப்பைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பலகை தெரியும், இருநூறு அடிகூட இருக்காது. கார் வந்தது. எங்களைப் பார்த்ததும் இடது பக்கம் ஒதுங்கச் சிக்னல் போட்டு, பிரேக்கை இரண்டு தடவை தொட்டு, மூன்றாவதில் நின்றது. கிறீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லை. நின்ற பிறகும் சிக்னல் துடித்துக்கொண்டே இருந்தது.

ஏட்டு கதவைத் திறந்து சின்னவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். கன்னத்தில் ஒன்று விழுந்தது. நான் ஜீப்பின் மறுபக்கம் நின்றேன். சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு நொடி அவன் முகம் மலர்ந்தது, தப்பித்தோம் என்கிற மாதிரி. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். திரும்பப் பார்த்தபோது அந்த முகத்தில் எதுவும் இல்லை.

"சார்," என்றான் எல்லாருக்கும் பொதுவாக. "முதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான் சார் எடுத்தேன். அம்மாவுக்குக் கண்ணுல கட்டு சார். பதினோரு மணிக்குள்ள டாக்டரப் பாக்கணும். அவங்கள மட்டும் விட்டுடுங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் பட்டறைக்குப் போன் போட்டார். முதலாளி குரல் எனக்கே கேட்டது. சாவியை அவன் கையில் நான் கொடுக்கவே இல்லை சார் என்று கத்திக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டுச் சின்னவனைப் பார்த்தார்.

"சொல்லாம எடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். போலீசப் பாத்துட்டு எதுக்குடா ஓடின? பாலத்துலேர்ந்து தொரத்திட்டு வர்றோம்."

"நான் ஓடல சார். நீங்க வந்ததே எனக்குத் தெரியாது. வெளிக்கண்ணாடி இல்ல. உள்கண்ணாடிய அம்மா மூஞ்சி தெரியற மாதிரி திருப்பி வெச்சிருந்தேன். வலில அவங்க தல சாயுதான்னு பாத்துப் பாத்து ஓட்டிட்டு வந்தேன்."

"கதை விடாதடா," என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு கேஸ் வேண்டும், அவ்வளவுதான். "ஓடினானா இல்லையான்னு வண்டியே சொல்லிடும். கண்ணாடி பின்சீட்டப் பாத்துட்டு இருந்தா இவன் சொல்றது நெசம். சும்மா கேட்காம எடுத்ததுன்னு எழுதிப் பட்டறைக்காரனையும் கூப்பிட்டு ரெண்டு தட்டுத் தட்டி அனுப்பிடலாம். ரோட்டப் பாத்துட்டு இருந்தா திருட்டு, தப்பி ஓட்டம், எல்லாம் சேத்து உள்ள வெச்சிடறேன்." காரை நோக்கி இரண்டடி வைத்தார். அதற்குள் பெரிய அதிகாரியிடமிருந்து போன் வந்துவிட்டது. வண்டி கிடைத்துவிட்டதய்யா, விரட்டிப் பிடித்தோமய்யா என்று விறைப்பாக நின்றுகொண்டு பேசினார்.

இதற்குள் அம்மா காரிலிருந்து தானே இறங்கிவிட்டாள். கதவைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முகத்தால் தேடுகிற மாதிரி தலையை மெல்லத் திருப்பினாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் நான்கடிதான். மூச்சை அடக்கிக்கொண்டேன். இருமக்கூட பயம். என் இருமல் அவளுக்குத் தெரியும்.

"பாட்டியம்மா, வீட்டுல வேற யாராவது இருக்காங்களா? போன் பண்ணி வரச் சொல்லலாம்," என்றார் ஏட்டு. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பெரியவன் இருக்கான். கவர்மெண்ட்டு டிரைவரு. அவனக் கூப்பிடாதீங்க சார். நேத்தே லீவு கேட்டுப் பாத்திருக்கான், பாவம், குடுக்கலயாம். இது தெரிஞ்சா அவனுக்கு வேலையே ஓடாது."

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். மூலையில் இருந்த மருந்துக் கடையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் அவளுக்குத்தான் தோன்றியது. நான் கூட்டிட்டுப் போறேன் வாங்கம்மா என்று கையைப் பிடித்தாள். அம்மா சின்னவன் இருந்த பக்கம் கையை நீட்டினாள், ஏட்டு அவனை அதற்குள் ஜீப்பில் ஏற்றிவிட்டிருந்தார். நீட்டிய கை என் சட்டையில் பட்டது. பொத்தானைத் தொட்டு, பெல்ட்டைத் தொட்டு நின்றது.

"யாரு தம்பி? கொஞ்சம் வழி விடுங்க," என்றாள்.

வழி விட்டேன். தெரியாமல்தான் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

"டிரைவர்," என்று இன்ஸ்பெக்டர் போனைப் பொத்திக்கொண்டு சொன்னார், "ஜீப்ப நானே ஓட்டிக்கறேன். நீ அந்தக் காரை அப்படியே எடுத்துட்டு என் பின்னாலயே வா. எதையும் தொடாத. ஸ்டேஷன்ல வெச்சுப் பாத்துக்கறேன்."

காரில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே மருந்து வாசனை. சின்னவன் என்னைவிடக் குட்டை, முட்டி இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளினேன். பெல்ட் போட்டேன். அம்மா பதினோரு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவாளா என்று நினைத்துக்கொண்டே சாவியைத் திருகினேன். இடது பக்கம் துடித்துக்கொண்டிருந்த சிக்னலை அணைத்து வலது பக்கம் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பி, ஜீப்புக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் இன்னும் போனில்தான் இருந்தார். பின்னால் வண்டி எதுவும் வருகிறதா என்று பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடியில் சாலை முழுசாகத் தெரிந்தது.

எப்போது திருப்பினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. இருக்கை, பெல்ட், அதற்கடுத்து என் கை போயிருக்கிறது. அவ்வளவு கச்சிதமாக, ஓர் இம்மி கோணல் இல்லாமல் நேராக்கி வைத்திருக்கிறது. பின்னால் வருகிறவனை ஒரு மைல் தூரத்திலிருந்தே பார்க்கலாம். சின்னவன் ஓடினான் என்று இனி இந்த வண்டியே சொல்லும்.

திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தேன். தலை ஆடாமல் இருக்க வைத்திருந்த தலையணை சரிந்து கிடந்தது. எங்கள் வீட்டுத் தலையணைதான், நீலக்கோடு போட்டது. அதில் அம்மாவின் தலை அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. அந்தப் பள்ளத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால் சரியாக இருக்கும். இரண்டு விரலால் ஒரு தள்ளு, வேறொன்றும் வேண்டாம். நான் தொட்டதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் கேட்பார், தொட்டியா டிரைவர் என்று. நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அல்லது தொட்டேன், இவன் என் தம்பி, அது என் அம்மா என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

கையைத் தூக்கிக் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்தேன். அப்போதுதான் அதற்குள் அம்மாவைப் பார்த்தேன். சாலையின் கடைசியில், விரல் அளவு. மருந்துக் கடைப் பெண்ணுக்குப் போன் வந்திருக்க வேண்டும், அவள் கையை விட்டுவிட்டுக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் படிக்கு முன்னால் அம்மா தனியாக நின்று ஒரு காலால் தரையைத் தடவிப் படியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கை முன்னால் நீண்டிருந்தது.

முன்னால் இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கிளப்பி ஹாரன் அடித்தார். பின் கம்பியைப் பிடித்தபடி சின்னவன் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் தலையணைப் பக்கம் திருப்பினால் அம்மா மறைந்துவிடுவாள். கையை எடுக்காமல் அவள் படியைக் கண்டுபிடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கால் இன்னும் தரையைத்தான் தடவிக்கொண்டிருந்தது. ஹாரன் மறுபடி அடித்தது.